விடை என்னும் கொடை

கணக்கு ஒன்றில் சிக்கிக்கொண்ட மாணவர் தம் சிக்கலை இணையத்தில் எழுதிக் கேட்பதும், ஊரும் பெயரும் அறியாத வேறொரு மாணவர் அதைப் படித்து வழிகாட்டுவதும் இன்று உலகெங்கும் அன்றாட நிகழ்வுகளாகிவிட்டன. சாய்தளத்தில் சறுக்கும் கட்டையின் முடுக்கமோ, நுண்கணிதத் தொகையீடோ, மின்சுற்றின் கிளைகளில் பிரிந்தோடும் மின்னோட்டமோ, எதுவாயினும் கேட்பவர் கட்டணம் செலுத்துவதில்லை. சொல்பவரும் ஊதியம் பெறுவதில்லை. ஆகவே இச்செயலைக் கொடை என்று அழைக்க யாரும் தயங்குவதில்லை. கொடை என்றால் கொடுப்பவரிடம் இருந்த ஒன்று பெறுபவரிடம் போய்ச் சேர வேண்டும். அன்னமும் ஆடையும் அவ்வாறே சேர்கின்றன. கணக்கின் விடையைப் பெற்றவரிடம் போய்ச் சேர்ந்தது எது என்று கேட்டால் மறுமொழி அத்தனை எளிதாகக் கிடைப்பதில்லை. ஏட்டில் எழுதத்தக்க சில வரிகள் அவருக்குக் கிடைத்துவிட்டன. அவ்வரிகளுக்குப் பிறப்பிடமான புரிதலும் உடன் வந்ததா என்பது தனிக் கேள்வி. வரிகள் வந்து புரிதல் வராத இடத்தில், கொடுத்தவர் உண்மையில் கொடுத்தாரா, அல்லது பெற்றவர் தாமே அடைந்திருக்கக்கூடிய ஒன்றை அறியாமல் பறித்துவிட்டாரா என்னும் ஐயம் எழுகிறது.

கல்விச் செல்வம் கொடுக்கக் கொடுக்க வளரும் என்னும் பழம்புகழ்ச்சி இந்த ஐயத்தைத் தீர்ப்பதில்லை. அது கொடுப்பவருடைய இருப்பைப் பற்றியே பேசுகிறது. பெற்றவரிடம் என்ன சேர்ந்தது என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சமண மரபு நால்வகைத் தானங்களைப் போற்றுகிறது. உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்னும் அந்நான்கில் முதல் மூன்றும் பெற்றவருக்குத் தாமாகவே பயன் தருவன. சாத்திர தானம் எனப்படும் அறிவுக்கொடை ஒன்றுதான், பெற்றவர் தாமும் உழைத்தாலன்றிப் பயன் தராதது. நான்கையும் ஒரே வரிசையில் அடுக்கிய மரபு இவ்வேறுபாட்டை அறியாமல் அடுக்கியிராது. ஆயினும் அதன் முழுக் கூர்மையும் கணிதத்திலும் இயற்பியலிலும்தான் தெரியவருகிறது.

சில செய்திகளை ஒருவர் மற்றொருவருக்கு அப்படியே கொடுத்துவிடலாம். தொடர்வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதை அறிந்தவர் சொன்னால் கேட்டவரும் அறிந்தவராகிவிடுகிறார். மேல்நோக்கி எறியப்பட்ட கல் தன் உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு என்னும் கேள்வி இந்த வகையைச் சேர்ந்ததன்று. முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். உச்சியில் திசைவேகம் சுழியாகிவிடுவதால் முடுக்கமும் சுழியே என்று தொடக்கநிலை மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். அது தவறு என்றும், முடுக்கம் அங்கும் கீழ்நோக்கியே இருக்கும் என்றும், அதன் அளவு ஒவ்வொரு வினாடிக்கும் வினாடிக்கு 9.8 மீட்டர் என்றும் ஒருவர் திருத்திவிட்டால் ஏட்டிலுள்ள விடை சரியாகிவிடும்; ஆனால் மாணவர் தம் கருத்தைக் கைவிட்டது திருத்தியவர்மேல் வைத்த நம்பிக்கையால்தானே ஒழிய, கல்லைப் பற்றி எதையும் கண்டதனால் அன்று. உச்சியில் கல் ஒரு கணம் நின்றுவிட்டது, அதன் வேகத்தை மாற்றவும் அங்கே எதுவும் இல்லை என்றால் அது திரும்பி விழத் தொடங்குவது எப்படி என்று அவரிடம் கேட்டால், கல் அந்தரத்திலேயே தங்கிவிட வேண்டியிருக்கும் என்பதை அவரே காண்கிறார். கண்டபின் அவருக்கு வேறு எவருடைய சொல்லும் சான்றாகத் தேவைப்படுவதில்லை.

கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின், ஏறத்தாழ 389ஆம் ஆண்டில், தம் மகனோடு நிகழ்த்தும் உரையாடல் வடிவில் ஆசிரியரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சொற்கள் அடையாளங்கள் மட்டுமே, பொருளை அறியாதவருக்கு அடையாளம் எதையும் கற்பிக்காது என்பது அதன் வாதம். ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதை அறிந்துவரச் சொல்லி எவரும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்றும், அவர் சொன்னதைத் தம்முள் இருக்கும் உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதே மாணவர் கற்கின்றனர் என்றும், உள்ளிருந்து கற்பிக்கும் அந்த ஆசிரியர் கிறிஸ்துவே என்றும் அவர் முடிவுக்கு வருகிறார். இம்முடிவின் இறையியலை ஏற்காதவரும் அதன் முற்பகுதியை மறுப்பது கடினம். கணித உண்மை ஒன்றைப் பிறர் கண்ணால் பார்க்க இயலாது. அவ்வாறாயின் உதவுபவர் செய்யக்கூடியது என்ன என்பதே மிச்சமிருக்கும் வினா.

தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லி இவ்வினாவுக்கு வியக்கத்தக்க விடை ஒன்றைத் தருகிறது. பிருகு தம் தந்தை வருணனிடம் சென்று பிரம்மத்தைக் கற்பிக்குமாறு வேண்டுகிறார். வருணன் விடையைச் சொல்வதில்லை. விடை நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனையை மட்டும் சொல்கிறார்: உயிர்கள் எதிலிருந்து பிறக்கின்றனவோ, எதனால் வாழ்கின்றனவோ, எதில் சென்று ஒடுங்குகின்றனவோ அதைத் தேடு என்பது அந்நிபந்தனை. பிருகு தவத்தில் அமர்ந்து, உணவே பிரம்மம் என்று கண்டு திரும்பி வருகிறார். தந்தை சரி என்றும் சொல்வதில்லை, தவறு என்றும் சொல்வதில்லை. தவத்தால் தேடு என்று மீண்டும் அனுப்பிவிடுகிறார். உயிர்மூச்சு, மனம், பகுத்தறிவு என்று ஒவ்வொன்றாகக் கண்டு, ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, இறுதியில் ஆனந்தத்தை அடைந்த பிருகு அதன்பின் கேட்க வருவதில்லை. கணிதம் பயில்வோருக்கு இந்த அமைப்பு பழக்கமானதே. ஒரு சமன்பாட்டின் தீர்வு சரிதானா என்பதை அதைச் சமன்பாட்டிலேயே இட்டுப் பார்த்து மாணவர் தாமே சோதித்துக்கொள்ளலாம். சோதிக்கும் முறையைக் கைக்கொண்டவருக்கு விடையைச் சரிபார்க்க வேறொருவர் வேண்டியதில்லை. உதவியின் வெற்றி, உதவி கேட்டவர் திரும்பி வராமல் போவதில் தெரிகிறது என்பதை வருணனின் மௌனம் காட்டுகிறது.

பிளேட்டோ எழுதிய 'மேனோ' என்னும் உரையாடலில் சாக்ரடீஸ் கையாளும் முறை இதைவிடப் பேச்சு மிகுந்தது. கல்வியறியாத அடிமைச் சிறுவன் ஒருவனிடம், இரண்டு அடிப் பக்கமுள்ள சதுரத்தைப் போல இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று அவர் கேட்கிறார். சிறுவன் முதலில் நான்கு அடி என்கிறான், பரப்பு 16 ஆகிவிடுகிறது. அடுத்து மூன்று அடி என்கிறான், பரப்பு ஒன்பது ஆகிறது, வேண்டியதோ எட்டு. திகைத்து நிற்கும் அவன், மூலைவிட்டத்தின்மேல் எழுப்பிய சதுரமே வேண்டியது என்பதைக் கேள்விகளின் வழியே அடைகிறான். தான் எதையும் கற்பிக்கவில்லை, ஆன்மா முன்பே அறிந்திருந்ததை நினைவுகூர்ந்தது என்பது சாக்ரடீஸின் முடிபு. இந்த முடிபை ஐயுறக் காரணம் உண்டு. மூலைவிட்டத்தை வரைந்து காட்டியவர் சாக்ரடீஸ்தான். சிறுவன் பல இடங்களில் ஆம் என்று தலையாட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இணையத்தில் வழிகாட்டும் மாணவர் பலர் குறிப்பு என்ற பெயரில் செய்வதும் இதுவே. முழுத் தீர்வையும் பத்துச் சிறு கேள்விகளாக நறுக்கி ஒவ்வொன்றாக முன்வைத்தால், கேட்டவர் ஒவ்வொரு படியிலும் சரியாகவே விடை சொல்லி இறுதியை எட்டிவிடுவார். அந்தப் பத்துக் கேள்விகளை அந்த வரிசையில் கேட்கத் தோன்றியதுதான் கணக்கின் உயிர் என்பதும், அது தமக்குத் தோன்றவில்லை என்பதும் அவர் கவனத்துக்கு வராமலே போய்விடும். சிறுவனிடம் இப்போதிருப்பது கனவு போன்ற கருத்துகளே என்றும், பல முறை பல வகையாகக் கேட்கப்பட்டால்தான் அவை அறிவாகும் என்றும் சாக்ரடீஸே அடுத்துச் சொல்வதைப் பலரும் கவனிப்பதில்லை.

இதனால் முழு விடையைத் தருவது எப்போதும் தீங்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உதவி மிகுந்தாலும் மாணவருக்கு வேலை இல்லை, குறைந்தாலும் அவர் முன்னேறுவதில்லை என்று கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளிவந்த தம் நூலில் அளவாகவே பேசினார். 1980களில் ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் சுவெல்லரும் அவருடன் பணியாற்றியோரும் இயற்கணிதம் பயிலத் தொடங்கியவர்களை ஆராய்ந்து, தனியே போராடியவர்களைவிடத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள் எளிதாகக் கற்றனர் என்று கண்டனர். புதியவரின் கவனம் முழுவதும் வழி தேடுவதிலேயே செலவாகிவிட்டால், கண்ட வழியைப் பற்றிச் சிந்திக்க எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே எதையும் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுப்பேன் என்னும் விரதம் சிலரிடம் தவமாக இருக்கலாம்; சிலரிடம் அது வெறும் செருக்கு. கும்பகோணத்தில் 1903ஆம் ஆண்டில், நண்பர் ஒருவர் வழியாகக் கல்லூரி நூலகத்திலிருந்து இராமானுசன் கைக்கு வந்த கார் என்பவரின் தொகுப்பு நூலில் ஏறத்தாழ 5,000 முடிவுகள் இருந்தன, நிறுவல்களோ பெரும்பாலும் இல்லை. நிறுவல் என்பது ஒரு முடிவு ஏன் உண்மையாகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டும் வாதம். விடைகள் மட்டுமே நிறைந்த அந்நூல் இராமானுசனைச் சோம்பேறியாக்கவில்லை; ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தூண்டியது. விடை தீங்கா நன்மையா என்பதை விடையே தீர்மானிப்பதில்லை. அதைப் பெறும் நேரத்தில் பெறுபவர் எங்கே நிற்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

இங்கேதான் அதிகாரம் என்னும் பழைய கருத்து பயன்படுகிறது. வேதாந்த நூல்கள் அதிகாரம் என்று சொல்வது ஆட்சியுரிமையை அன்று. ஒரு கல்வியைப் பெறுவதற்குரிய தகுதியை. வரலாற்றில் அத்தகுதியைப் பிறப்போடு பிணைத்துவிட்டனர். பிரம்ம சூத்திர உரையில் சங்கரர் சூத்திரர்க்கு வேதக் கல்வி இல்லை என்று வாதிடும் பகுதி இதற்கு வெளிப்படையான சான்று. முகம் தெரியாத மாணவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் இன்றைய வழக்கத்தில், கேட்பவரின் பிறப்பும் பாலும் நாடும் சொல்பவருக்குத் தெரியாமலே போவது இந்த அநீதிக்கு நேர்ந்த அரியதொரு மாற்று. ஆயினும் தகுதி என்ற ஒன்றே வேண்டாம் என்று இவ்வழக்கம் சொல்லிவிடவில்லை. பொறுப்புள்ள உதவியாளர்கள் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒரே நிபந்தனையை விதிக்கின்றனர்: கேட்பவர் தாம் இதுவரை முயன்றதை எழுதிக் காட்ட வேண்டும். குருவை நாடிச் செல்பவர் வேள்விக்குரிய சமித்துக் குச்சிகளைக் கையில் ஏந்திச் செல்ல வேண்டும் என்று முண்டக உபநிடதம் விதிக்கிறது. தவறாயினும் தம் கையால் எழுதிய நான்கு வரிகளே இன்றைய மாணவர் கொண்டுவரும் சமித்து. பிறப்பால் வராமல் உழைப்பால் மட்டுமே வரும் அதிகாரம் இது ஒன்றே.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல் வினாக்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அறியாமையால் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று மயங்கிக் கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் பயறு உண்டா என்று கேட்பது போல ஒன்றைப் பெற்றுக்கொள்ளும் நோக்கத்தோடு கேட்பது கொளல்வினா. வீட்டுப்பாடத் தாளை அப்படியே படமெடுத்து அனுப்பி, நாளைக்குள் வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பவர் கேட்பது, அறியாவினாவின் உடையணிந்த கொளல்வினா. முயற்சியைக் காட்டச் சொன்ன உடனே அந்த உடை நழுவிவிடுகிறது. வேறொரு விளைவும் உண்டு: எங்கே தடுமாறினோம் என்பதைப் பிறருக்கு விளங்கும்படி எழுத முனையும் மாணவர், எழுதி முடிப்பதற்குள்ளாகவே தம் பிழையைத் தாமே கண்டு, கேள்வியை அனுப்பாமலே விட்டுவிடுவதும் அடிக்கடி நிகழ்கிறது. கேட்டதை மனத்துக்குள் ஆராய்ந்து ஐயம் நீக்குவதை வேதாந்திகள் மனனம் என்று அழைத்தனர். நல்ல கேள்வியை எழுதுவதே மனனத்தில் பாதி.

முயற்சியைக் காட்டச் சொல்வதன் உண்மையான பயன் ஏமாற்றுக்காரரை வடிகட்டுவதில் இல்லை. உதவுபவருக்குப் படிப்பதற்கு ஒன்று கிடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணின் ஐந்து மடங்குக்குச் சமமாயின் அவ்வெண் யாது என்னும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். மாணவர் இருபுறத்தையும் அந்த எண்ணால் வகுத்து, விடை ஐந்து என்று எழுதி, விடைப்பகுதியில் சுழியும் ஐந்தும் என்று இருப்பது ஏன் என்று கேட்கிறார். காரணிப்படுத்திப் பார் என்று சொன்னால் அவர் இரண்டு விடைகளையும் அடைந்துவிடுவார். ஆயினும் தம் வழி ஏன் பாதி விடையை விழுங்கிவிட்டது என்பது அவருக்கு மர்மமாகவே இருக்கும். அவருடைய வரிகளை ஊன்றிப் படிப்பவர் மட்டுமே, வகுத்த வரியில் நின்று, நீ வகுத்த அந்த எண் சுழியாக இருந்திருந்தால் அவ்வாறு வகுக்க உனக்கு உரிமை உண்டா என்று கேட்க முடியும். இந்தக் கேள்வியைப் பாடநூலின் விடைப்பகுதி தர இயலாது, ஏனெனில் அது இந்தக் கணக்குக்கு உரியதன்று. இந்த மாணவருடைய இந்தப் பிழைக்கு உரியது.

பிறர் பிழையை இவ்வாறு படிப்பது எளிதன்று. சரியான வழியை அறிந்தவர் அதைச் சொல்லத் துடிக்கிறார். தவறான வரிகளை அவர் கண் தாவிவிடுகிறது. பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய் 1942ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பையும் இறைவன்பால் கொள்ளும் அன்பையும் இணைத்து எழுதிய கட்டுரை இவ்விடத்தில் பெரிதும் துணைபுரிகிறது. அவர் கவனம் என்று குறிப்பது புருவம் சுருக்கிச் செய்யும் முயற்சியை அன்று. தம் எண்ணங்களை நிறுத்திவைத்து, எதிரிலுள்ள பொருள் தன்னைக் காட்டும்வரை காத்திருக்கும் நிலையை. வடிவியல் கணக்கு ஒன்றோடு ஒரு மணி நேரம் போராடி விடை காணாத மாணவரும் அந்தக் கவனத்தில் வளர்ந்திருக்கிறார், அவ்வளர்ச்சி வழிபாட்டில் பயன்படும் என்பது அவர் கருத்து. தவறிய பாடங்களை மீண்டும் எடுத்து, சாக்குச் சொல்லாமல், பொறுமையாக நோக்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். அக்கட்டுரையின் இறுதியில் அவர் அதே கவனத்தை அயலாரிடம் கொள்ளும் அன்புக்கும் அடிப்படையாக்குகிறார்: துன்புறுபவரை ஒரு வகையின் மாதிரியாகப் பாராமல் இவர் என்ன பாடுபடுகிறார் என்று கேட்பதே அவ்வன்பு. வெய் வடிவியலையும் அயலாரையும் இரண்டு இடங்களில் வைத்துப் பேசினார். ஒரு மாணவர் மற்றொரு மாணவரின் தவறான வரிகளைப் படிக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே கவனிக்கப்படுவது கணக்கும்தான், அதில் தடுமாறி நிற்கும் மனமும்தான். கொடுக்க முடியாத புரிதலுக்கு மாறாக உண்மையில் கொடுக்கப்படுவது இந்தக் கவனமே.

இதை ஆசிரியரைவிடச் சக மாணவர் சில வேளைகளில் நன்றாகச் செய்கிறார் என்பதைப் பல மரபுகள் அறிந்திருந்தன. நன்னூலின் பொதுப்பாயிரம் கல்விக்குப் பங்கு பிரிக்கிறது: ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நிறைவாகக் கொண்டாலும் கால் பங்கே சேரும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் சேரும், எஞ்சிய அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். யூத மரபின் தல்மூது, ஆசிரியர்களிடம் கற்றதைவிட உடன் கற்றோரிடமும், அவர்களிடம் கற்றதைவிடத் தம் மாணவரிடமும் மிகுதியாகக் கற்றதாக ஒருவர் கூறியதைப் பதிவு செய்கிறது. இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று அறிந்தவை அல்ல.

தல்மூது காட்டும் இன்னொரு நிகழ்ச்சி இதைவிடக் கடுமையானது. மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த ரப்பி யோகனானுக்கு ரேஷ் லாகிஷ் என்னும் படிப்புத் தோழர் இருந்தார். ரேஷ் லாகிஷ் இறந்தபின் யோகனானைத் தேற்றுவதற்காகக் கற்றறிந்த வேறொருவரை அனுப்பினர். அவரோ யோகனான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆதரவான சான்று ஒன்றை எடுத்துக் கூறிக்கொண்டே இருந்தார். என் தோழர் ஒவ்வொரு கருத்துக்கும் 24 மறுப்புகளை எழுப்புவார், நான் 24 விடைகளைத் தருவேன், அதனால் பொருள் விளங்கியது என்று கூறி யோகனான் அழுதார். உடன்பாடு கற்பிப்பதில்லை. நுண்கணிதம் பயிலும் இருவர் சைனையும் கொசைனையும் பெருக்கி வரும் சார்பைத் தொகையிட, ஒருவருக்குச் சைன் வர்க்கத்தின் பாதியும், மற்றவருக்குக் குறை அடையாளத்தோடு கொசைன் வர்க்கத்தின் பாதியும் கிடைக்கும்போது, இருவரும் ஒருவர் பிழையை மற்றவர் வரியில் தேடத் தொடங்குகின்றனர். பிழை எங்கும் இல்லை. சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் கூடினால் எப்போதும் ஒன்று என்பதால், இரு விடைகளும் மாறாத ஓர் அரையால் மட்டுமே வேறுபடுகின்றன. தொகையீட்டின் முடிவில் இயந்திரம் போல எழுதிவந்த மாறிலி எதற்காக அங்கே நிற்கிறது என்பதைத் தனியே படித்த எவரும் இவ்வளவு தெளிவாகக் காண்பதில்லை.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவராகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டார். 1797இல் அதைப் பற்றி நூல் எழுதினார். இங்கிலாந்தில் அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. அங்கு அது பரவியதற்கு முதன்மையான காரணம் செலவுக் குறைவே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் வகுப்பிலேயே மாணவர் ஒருவரோடொருவர் விவாதிக்கும் முறையைப் புகுத்தினார். அதற்கு அவர் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது: நெடுங்காலத்துக்கு முன் கற்ற பேராசிரியருக்குத் தாம் தடுமாறிய இடம் மறந்துபோயிருக்கும், இப்போதுதான் கற்ற மாணவருக்கு அத்தடுமாற்றம் பசுமையாக நினைவிருக்கும்.

கொடுப்பவரின் அறத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடீஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத ஈகைக்கு இரண்டாம் இடமும், பெறுபவரை இனி எவரிடமும் கேட்க வேண்டாதவராக்கும் ஈகைக்கு முதலிடமும் அளித்தார். பெயர் மறைத்து உதவும் மாணவருக்கு இரண்டாம் படி தானாகவே அமைந்துவிடுகிறது. முதற்படிக்குத்தான் அவர் உழைக்க வேண்டும். கீதையின் 17ஆம் இயல், கைம்மாறு செய்யாதவருக்குத் தக்க இடத்தில் தக்க காலத்தில் கொடுப்பதைச் சாத்துவிக தானம் என்றும், பயன் கருதிக் கொடுப்பதை இராசதம் என்றும் பிரிக்கிறது. உதவுவோருக்கு மதிப்பெண்ணும் பட்டமும் வழங்கும் வழக்கம் இராசதத்துக்குத் திறந்த கதவு. முழு விடையை முதலில் எழுதியவருக்கே பாராட்டுக் குவியுமாயின், பிழையைப் பொறுமையாகப் படிப்பவர் எப்போதும் பிந்திவிடுவார். இம்மானுவேல் காண்ட் 1797இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் இதற்கு இன்னும் கண்டிப்பான எல்லை வகுத்தார்: தன்னை நிறைவாக்கிக்கொள்வதும் பிறரை மகிழ்விப்பதும் கடமைகள், பிறரை நிறைவாக்குவது கடமையாக இருக்க இயலாது, ஏனெனில் நிறைவு என்பதே ஒருவர் தம் நோக்கத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் ஆற்றல். காண்ட் இங்கே சற்று மிகையாகச் சென்றுவிட்டார் என்று தோன்றினாலும், பிறருக்காகப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது என்னும் அளவில் அவர் சொன்னது உறுதியாக நிற்கிறது.

எல்லாக் கேள்விக்கும் உதவ வேண்டியதில்லை; நடந்துகொண்டிருக்கும் தேர்வின் வினா என்று ஐயம் எழுந்தால் வாய் மூடுவதே முறை. நேராக விடை சொல்லத்தக்கவை, பகுத்துச் சொல்லத்தக்கவை, எதிர்க்கேள்வி கேட்கத்தக்கவை, ஒதுக்கத்தக்கவை எனக் கேள்விகள் நால்வகை என்று அங்குத்தர நிகாயத்தில் புத்தர் வகுத்ததை இங்கே நினைவுகூரலாம். பிரச்ன உபநிடதத்தில் பிப்பலாதர் என்னும் முனிவரிடம் ஆறு மாணவர்கள் சேர்ந்து வருகின்றனர். ஓராண்டு தங்குங்கள், பிறகு கேளுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன் என்கிறார் அவர். தெரிந்தால் என்னும் அச்சொல் உதவுவோர் அனைவருக்கும் வேண்டியது; தவறான விளக்கத்தை உறுதியான குரலில் எழுதிவிடுபவர், விடை தெரியாத மாணவரைவிட ஆபத்தானவர்.

2022ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின், கணக்கை இட்டால் நொடியில் தீர்வை எழுதித் தரும் கணினி நிரல்கள் பரவிவிட்டதால் மாணவர் உதவி தேவையற்றதாகிவிட்டது என்று சிலர் கருதுகின்றனர். விடை வரிகளே கொடை என்று கொண்டால் அது உண்மைதான். அந்நிரல்களையும் குறிப்பு மட்டும் தரும்படி பணிக்கலாம், அவை பல வேளைகளில் நன்றாகவே தருகின்றன. ஆயினும் அதே கணக்கில் தவறி நின்ற நினைவு அவற்றுக்கு இல்லை. எடுத்துரைப்பவருக்கு நன்னூல் ஒதுக்கிய அரைப் பங்கும் அங்கே எந்த மாணவருக்கும் போய்ச் சேர்வதில்லை.

மனிதர் தேவர்க்கும் முனிவர்க்கும் முன்னோர்க்கும் கடன்பட்டே பிறக்கின்றனர் என்று வேத மரபு கூறுகிறது. இவற்றுள் முனிவர்க்குரிய கடன் கல்வியால் தீர்வது; ஓதுவித்தலையே மனுநூல் பிரம்ம யக்ஞம் என்று பெயரிட்டு அன்றாடக் கடமைகளுள் சேர்த்தது. இக்கடனை, கொடுத்தவரிடம் திருப்பிச் செலுத்த வழியில்லை. அடுத்து வருபவரிடம்தான் செலுத்த வேண்டும். முகமறியாத ஒருவர் காட்டிய வழியில் கணக்கைப் புரிந்துகொண்ட மாணவரின் நிலையும் இதுவே, ஏனெனில் உதவியவர் யார் என்றே அவருக்குத் தெரியாது. ஆகவே சென்ற ஆண்டு உதவி பெற்றுத் தேறிய மாணவர், அதே கணக்கில் இவ்வாண்டு தடுமாறி நிற்பவர் எழுதிய வரிகளை, விடையை எழுதும் அவசரத்தை அடக்கிக்கொண்டு, ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். பிழை எந்த வரியில் தொடங்கியது என்பதைப் பேராசிரியரைவிட விரைவாக அவர் கண்டுகொள்வார்.